கவர்னரின் வாய்

கவர்னரின் வாய் என் சட்டைப் பையில் இருக்கிறது. பஞ்சில் ஒட்டியிருக்கிறது, பஞ்சு மூங்கில் குச்சியின் நுனியில் இருக்கிறது, குச்சியைப் பாதியாக ஒடித்துப் பேனாவுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்குச் செருகியது. இப்போது இரண்டே முக்கால். எப்போதோ குப்பைக்கூடையில் போட்டிருக்க வேண்டும். மூன்று தடவை கூடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். ஒரு மனிதருடைய வாயைக் குப்பையில் போடக் கை வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். கூடையைக் கொட்டுகிறவள் எஸ்தர், அவள் கண்ணில் பட்டுவிடுமோ என்கிற பயம்தான். மேசை விளக்குக்கு அடியில் அவர் மல்லாந்து கிடக்கிறார். மேஜர் ஜெனரல் தோர்ன்லி, பல போர் கண்டவர், இந்தக் கரையோரத்துக்கு நாலு வருஷம் கவர்னராக இருந்தவர், இருநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ஓவியன் மூன்று விரல் அகலத் தந்தத் தகட்டில் எழுதிவைத்த முகம். சிவப்புக் கோட்டு இருக்கிறது, தோளில் பொன் சரிகை இருக்கிறது, பவுடர் போட்ட முடி, நீலக் கண், எடுப்பான மூக்கு எல்லாம் இருக்கிறது. மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் தந்தம், பழுப்பேறிய வெள்ளை, அதற்குக் கீழே மோவாய் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. என்னையே பார்க்கிறார். திட்டவும் முடியாமல் பார்க்கிறார். விளக்கை அணைத்தேன். அணைத்தால் இன்னும் மோசம், வெள்ளை மட்டும் தெரிகிறது. மறுபடி போட்டேன்.

எச்சில். எல்லாம் இந்த எச்சில் பண்ணிய வேலை. வெளியாட்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் படிந்த அழுக்கை எடுக்க மனுஷ எச்சிலுக்கு மிஞ்சிய மருந்து கிடையாது. பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பஞ்சுக் குச்சியை வாயில் வைத்து நனைத்து, உருட்டி உருட்டி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அன்றைக்கு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. டம்ளரை உதட்டில் வைத்தால் அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கு முழுதும் என்னோடு பேசமாட்டாள். எச்சில் கையோடு சோற்றுப் பானையைத் தொட்டான் என்று மாமாவைக்கூட எழுந்து போகச் சொன்னவள். என் மகன் தெய்வநாயகம் மியூசியத்தில் சாமி படத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், என்ன மருந்து என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள். முப்பது வருஷமாக ராஜாக்கள், ஜமீன்தார்கள், துரைமார்கள், துரைசாணிகள் எல்லார் முகத்தையும் என் எச்சிலால்தான் துடைத்திருக்கிறேன், ஒருத்தரும் கெட்டுப்போனதில்லை. இந்த ஐந்து வாரத்தில் மட்டும் பன்னிரண்டு துரைமார். வெள்ளிக்கிழமை புது அறை திறப்பு விழா. எல்லாம் ஆளுயர எண்ணெய்ப் படங்கள், குச்சி, வாய், உருட்டு, குச்சி, வாய், உருட்டு, கை தானாகப் போகும், மனசு ரேஷன் கடையிலோ மகள் வீட்டிலோ இருக்கும். பதின்மூன்றாவது ஆளாக இவர் வந்தார். மேல்கண்ணாடியின் உள்பக்கம் பூஞ்சை. கழற்றினேன், கண்ணாடியை எச்சில் பஞ்சால் துடைத்தேன், அது சரி, அதில் தப்பில்லை. துடைத்து வைத்துவிட்டுப் புதுக் குச்சியை வாயில் வைத்தேன். வாயில் வைத்த கை முகத்துக்குப் போயிற்று. உருட்டினேன். பஞ்சு சிவந்தது. ஆகா, நல்லா அழுக்கு வருது என்று நினைத்தேன். அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இரண்டாவது உருட்டும் உருட்டினேன்.

தந்தத்தின் மேல் நீர்வண்ணம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பதிவேட்டில் எழுதியது யார்? நான்தான். என் கையெழுத்து, கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். நீர்வண்ணத்தில் நீர் படக்கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நானே விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன், எண்ணெய் வேற, இது வேற, இதுல மூச்சுக்காத்துகூடப் பார்த்து விடணும். இப்போது விரலை ஆட்ட ஆளில்லை. அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பதினொன்றே கால் ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, கையைக் கழுவினேன், மறுபடி கழுவினேன், ஒரு மணிக்குத்தான் காப்பாட்சியர் மேடத்தின் அறைக்குப் போனேன். இந்துமதி மேடத்துக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். மரியாதையான பெண், நான் போனால் எழுந்து நிற்கும். அன்றைக்கும், இன்றைக்குத்தானே, என்னவோ போன வருஷம் நடந்ததுபோல் அன்றைக்கு என்கிறேன், இன்றைக்கும் எழுந்தது. நான் சொன்னது, ஒரு சொல்கூட மாறாமல் காதில் நிற்கிறது, "மேடம், அந்தச் சின்னப் படத்துல ஈரம் இறங்கியிருக்கு. வாய்ப் பக்கம் போயிடுச்சு." அவ்வளவுதான். பொய் இல்லை, ஈரம் இறங்கியது உண்மை. அடுத்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது, நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு எடுத்தேன், அந்த ஒரு மூச்சுக்குள் மேடம் சொல்லிவிட்டது: "எஸ்தர்தான். போன புதன்கிழமை ஷோகேஸ் மாத்தினப்ப சின்னச் சாமானெல்லாம் அவதான துடைச்சு வச்சா? ஈரத்துணி போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது சார்?" எடுத்த மூச்சை விட்டேன். வெறும் மூச்சாகவே விட்டேன். "மெமோ குடுத்தாத்தான் சரிப்படும். நீங்க இருக்கீங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவீங்க, எனக்குக் கவலை இல்லை" என்றது. தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்? சரிபண்ணுவதற்கா, மெமோவுக்கா? தலை ஒன்றுதானே, இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஆடியது.

எஸ்தர் ஈரத்துணி போட்டது உண்மைதான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை, நாணயம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் வெளிப்பக்கத்தில். அதற்கு வாங்கிய திட்டுக்குப் பிறகு உலர்ந்த துணியைத் தவிர வேறெதையும் அவள் கையில் நான் பார்த்ததில்லை. சொந்தக் காசில் வாங்கின மஞ்சள் பிளானல் துணி, மடித்து இடுப்பில் செருகியிருப்பாள். போன புதன்கிழமையும் அதுதான். நான் பக்கத்தில் நின்றேன். என்னைத் தவிர அதைப் பார்த்தவர் யாருமில்லை, அதாவது அவளுக்கு ஒரு சாட்சி உண்டென்றால் அது நான்தான், நல்ல சாட்சி. பதினொரு வருஷமாகத் தினக்கூலி. நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியல் தலைமை அலுவலகத்தில் தயாராகிறது, அதில் இவள் பெயர் ஏழாவது, பட்டியல் வருகிற நேரத்தில் ஒரு மெமோ போனால் ஏழாவது பெயர் எட்டாவதாகாது, இல்லாமலே போகும். இதெல்லாம் மேடத்துக்குப் புதிது, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எனக்குத் தெரியும். எனக்கு வேறொன்றும் தெரியும். பரந்தாமன். இதே மியூசியத்தில் நாற்பதாண்டு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் பிரிவு உபசாரம், மாலை மரியாதை என்று மேடை போட்டிருந்த அன்றைக்கே மத்தியானம் மூன்று மணிக்கு சஸ்பெண்டு ஆர்டரை வாங்கிக்கொண்டு போனானே, ஏதோ பழைய சிலை விவகாரம், வாங்கி வைத்திருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கப்போட்டிருந்தார்கள், மூன்று நாள் அது அங்கேயே கிடந்து வாடியது. எனக்கு வருகிற ஜூனோடு வேலை முடிகிறது. ஏழு மாதம். தந்தம், பழம்பொருள், கவர்னர், கவனக்குறைவு, பதினேழு பி விதியில் ஒரு குற்றச்சாட்டு. ஃபைல் மெதுவாக நகர்ந்து நகர்ந்து சரியாக ஜூன் மாதத்துக் கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து நிற்கும். மகள் மாலையோடு வந்திருப்பாள். மாப்பிள்ளையும் வந்திருப்பார், அதுதான் வினை.

சரிபண்ணிவிட்டால் என்ன? அதைத்தான் ஒன்றரை மணியிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கடுகளவு வாய். சிவப்பில் கொஞ்சம், காவியில் கொஞ்சம், பிசினில் குழைத்து, அணில் முடித் தூரிகையில் ஒரே ஒரு முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நுனி பண்ணினால் பத்து நிமிஷ வேலை. என் கைக்கு அது பெரிசில்லை. வாய் வந்துவிட்டால் மேடம் சமாதானமாகிவிடும், போகட்டும் விடுங்க என்று மெமோவைக் கிழித்துப் போட்டாலும் போடும், எஸ்தர் தப்பித்தாள், நானும் தப்பித்தேன், கவர்னருக்கும் வாய் கிடைத்தது, யாருக்கு நஷ்டம்? கலவையைக்கூடக் குழைத்துவிட்டேன். பீங்கான் கிண்ணத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. தூரிகையை எடுத்து அந்த வெள்ளைக்கு மேலே கொண்டுபோனேன். எந்த வாய்? மெல்லிய உதடா, தடித்ததா? சிரித்தாரா? சிடுசிடுவென்று இருந்தாரா? பத்தொன்பது வருஷம் பார்த்த முகம். எடுத்திருக்கிறேன், வைத்திருக்கிறேன், அளந்திருக்கிறேன், கோட்டுப் பொத்தான் எத்தனை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஐந்து. வாய் ஞாபகத்தில் இல்லை. கண்ணை மூடினால் என் மாமாவின் வாய் வருகிறது, பரந்தாமனின் வாய் வருகிறது, ஒரு தடவை என் மாப்பிள்ளையின் வாய்கூட வந்தது, உடனே கண்ணைத் திறந்துவிட்டேன். பதிவேட்டில் ஒட்டிய புகைப்படத்தில் தபால் தலை அளவுக்குக் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஈ உட்கார்ந்துபோன மாதிரி ஒரு புள்ளி. பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிதான் பெரிதாகிறது. தூரிகையைக் கீழே வைத்தேன். இந்த மியூசியத்தில் அந்த வாயை யாராவது பார்த்திருப்பார்களா என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டாம். பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள். தினம் அந்தப் பெட்டிக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவள். அவளிடம் போவதா? எந்த முகத்தோடு போவது? கால் தன்பாட்டுக்கு எழுந்து நடந்தது, காலையில் கை போனதுபோலத்தான்.

எஸ்தர் புது அறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் பன்னிரண்டு துரைமாரும் பளபளவென்று என்னைப் பார்த்தார்கள், எங்களை மட்டும் ஒழுங்காகத் துடைத்தாயே என்று. "எஸ்தரம்மா, அந்தக் குட்டித் துரை இருக்காரே, அவரு வாய் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டேன். "என்ன சார், காலைலேர்ந்து நீங்கதான அவரோட உக்காந்திருக்கீங்க, என்னைக் கேக்கறீங்க" என்று சிரித்தாள். பிறகு நிஜமாகவே யோசித்தாள். "கீழ் உதடு, இடது பக்கம் கொஞ்சம் உள்ள மடங்கியிருக்கும் சார். பல்லுல கடிச்சுக்கிட்ட மாதிரி. என்னமோ சொல்ல வந்து, வேணாம்னு முழுங்கிட்டவரு. நான் தினம் கேப்பேன், என்ன துரை, சொல்லித் தொலைங்களேன், இங்க வேற யாரு இருக்கான்னு." மெமோ பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு நீலத்தில் புடவை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள், பட்டியல் வந்ததும் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டியிருப்பதாகச் சொன்னாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உதடெல்லாம் வறண்டு கிடக்கு சார், தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள். வறட்சிதான், பதினொரு மணியிலிருந்து வாயில் ஒரு சொட்டு ஊறவில்லை. தலையை அண்ணாந்து, பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றிக்கொண்டேன். யார் கொடுத்தாலும் அப்படித்தான், அம்மா பழக்கியது, மகள் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் மேடம் அறையில் காபிக் கோப்பையை உதட்டில் வைத்துத்தானே குடிக்கிறேன்? குறி தவறி, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. "சார், பையில சிவப்புப் பேனா கசியுது பாருங்க" என்றாள் எஸ்தர். குனிந்து பார்த்தேன். பைக்கு மேலே ரூபாய்க் காசு அளவில் ரோஜா நிறம் பரவிக்கொண்டிருந்தது. "ஆமாம், பேனாதான்" என்றேன். இதுதான் இன்றைக்கு அடுத்தவரிடம் சொன்ன முதல் முழுப் பொய் என்று நினைத்தபடி திரும்பி நடந்தேன்.

இடது பக்கம் உள்ளே மடங்கியிருக்கும். இப்போது வாய் கிடைத்துவிட்டது, எழுதலாம். கிண்ணத்தில் கலவை இறுகியிருந்தது, தண்ணீர் விட்டுக் குழைத்தேன், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கப் போய் அப்படியே நிறுத்தினேன், மறுபடியும் எச்சில். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. சொல்ல வந்ததை முழுங்கிய வாயை நான் எழுத வேண்டும். எழுதினால் அச்சு அசலாக வரும், அது நிச்சயம். இன்றைக்கு அதை எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த ஊரிலேயே இல்லை. அவமானமாக இருந்தது, சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும். அவள் தினம் அந்தத் துரையிடம் பேசுகிறாள். நான் பத்தொன்பது வருஷமாக அவர் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்டர்காம் அடித்தது. மேடத்தின் குரல். "சார், மெமோ டைப் ஆயிடுச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன். எஸ்தரை வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வந்தீங்கன்னா எந்த அளவுக்குச் சேதம்னு அவளுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்வீங்க." வருகிறேன் மேடம் என்றேன். தூரிகையைக் கழுவி வைத்தேன். கலவையைத் துடைத்துப் போட்டேன். கவர்னரைப் பஞ்சுப் பெட்டியில் படுக்கவைத்து, மூடாமலே எடுத்துக்கொண்டேன். தாழ்வாரம் நாற்பத்தெட்டு அடி, நானே அளந்திருக்கிறேன், நடக்க நடக்க ஜூன் மாதம், மாலை, மாப்பிள்ளை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் எதிரில் வந்து வந்து விலகின. திரும்பிவிடலாம் என்று இரண்டு இடத்தில் தோன்றியது. ஒரு இடத்தில் திரும்பியும் விட்டேன், நாலு அடி.

எஸ்தர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் மேடம் கொடுத்த பேனா. மெமோவின் நகலில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் படித்துவிட்டிருந்தாள். "ஈரத்துணி போடலை மேடம், கர்த்தர் மேல சத்தியமா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அசல் மேசைமேல் கிடந்தது, கீழே பச்சை மையில் மேடத்தின் கையெழுத்து, இந்தப் பெண் மட்டும்தான் இன்னும் மை ஊற்றும் பேனாவில் எழுதுகிறது. "நான்தான் மேடம் துடைச்சேன்" என்றேன். சொல்லியே விட்டேன். இத்தனை நேரம் மலையாக இருந்தது, மூன்று சொல்தான். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்து, வருத்தமாகச் சிரித்தது. "உங்க மனசு எனக்குத் தெரியும் சார். பாவம் பார்த்துப் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்காதீங்க. முப்பது வருஷத்துல உங்க கையால ஒரு சாமான் கெட்டிருக்கா?" பையிலிருந்து குச்சியை எடுத்து நீட்டினேன். தண்ணீர் பட்டு வெளுத்துப்போய் அது வெறும் ஈரப் பஞ்சாக இருந்தது. "என்ன சார் இது?" கவர்னரின் வாய் என்றால் பைத்தியம் என்று நினைக்கும். கால்சட்டைப் பையில் எப்போதும் வேறு இரண்டு குச்சி சுற்றி வைத்திருப்பேன். ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். வாயில் ஈரமே இல்லை, பஞ்சு நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. எஸ்தரின் கையிலிருந்து பாட்டிலை வாங்கினேன், உதட்டில் வைத்துக் குடித்தேன், வாய் நனைகிற வரைக்கும். "சார், வாய் வச்சுட்டீங்க" என்றாள் அவள், அந்த நேரத்திலும். குச்சியை வாயில் நனைத்து, குனிந்து, மேடத்தின் கையெழுத்தின் மேல் வைத்து உருட்டினேன். தேய்க்கவில்லை, உருட்டினேன், ஒழுங்காக, பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. பச்சை எழும்பிப் பஞ்சில் ஏறியது. இரண்டாவது உருட்டில் பாதிக் கையெழுத்து போய்விட்டது. "இப்படித்தான் மேடம். காலைல பதினொரு மணிக்கு. தண்ணி ஆகாத படம்னு தெரிஞ்ச நானே."

மேடம் உட்கார்ந்துவிட்டது. காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, மெமோவை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து இரண்டாக மடித்தது, அது எனக்கான காகிதத்தின் ஆரம்பம் என்று எனக்குப் புரிந்தது. பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மூச்சு இறங்கியது. எஸ்தர் இப்போது அழுவாள், கும்பிடுவாள், வேண்டாம்மா என்று தடுக்க வேண்டும் என்று நினைத்து, அற்பத்தனம்தான், அதற்குத் தயாராகவே திரும்பினேன். அவள் என் சட்டைப் பையின் ரோஜா நிறக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அங்க வந்து வாய் எப்படி இருக்கும்னு என்னைக் கேட்டீங்களே சார், அப்பவே..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கீழ் உதட்டின் இடது பக்கத்தைப் பல்லால் உள்ளே இழுத்துக்கொண்டு, பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். மேசைமேல் வைத்திருந்த கவர்னரின் பெட்டியை மூடிவிட்டு நான் அந்த வாயைப் பார்த்தேன்.